ஊர்க் குழுவில் அரசியல் பேசினால் பொலிஸ் வருமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மரண அறிவித்தல், கோயில் திருவிழா, பஸ் ஓடாத நாள், அவசரத்துக்கு இரத்தம் தேவை என்ற செய்தி ஆகியவற்றுக்காகத் தொடங்கியது. நூற்றெண்பது பேர் இருக்கிறோம்; மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டில். தொடங்கிய அண்ணா லண்டனுக்குப் போனதும் நிர்வாகிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 2024 தேர்தல்களோடு குழுவில் அரசியலும் புகுந்தது. சங்கா, வீடா, திசைகாட்டியா என்று தேர்தல் சின்னங்களை வைத்து முதலில் பகிடியாகத்தான் இருந்தது. பிறகு கோடைச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்ற பேச்சு சண்டையாகிவிட்டது. சூரிச்சில் இருக்கும் ஒரு மாமா, கமக்காரர் அமைப்பின் செயலாளர் வாய்க்கால் துப்புரவுக் காசைச் சாப்பிட்டுவிட்டார் என்று குரல் பதிவு போட்டார். பெடியன்கள் சிலர் செயலாளரின் படத்தை உர மூட்டையின் மேல் ஒட்டிப் பகிர்ந்தார்கள். செயலாளரின் மகன், நிர்வாகி என்பதால் என்மேல்தான் பொலிஸில் முறைப்பாடு செய்யப் போவதாகச் சொல்கிறார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஐந்து வருடம் உள்ளே இருக்கலாம் என்றும் சொன்னார். குழுவை உடனே மூடு என்கிறார் அப்பா. 'கதைத்து நாங்கள் பட்டது போதாதா' என்கிறார். நான் குற்றவாளியா? எல்லாவற்றையும் அழித்துவிடவா? குழுவை மூடவா?

பிற்குறிப்பு: செயலாளருக்காகப் பேசிய ஒருவரைப் பார்த்து, 'நீ எந்தப் படையணியில் இருந்தாய் என்று ஊருக்குத் தெரியும், வாயை மூடு' என்று அதே மாமா எழுதினார். அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். அதுவும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குற்றவாளி இல்லை. எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். குழுவை மூடவும் வேண்டாம். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். கடிதத்தை வாசித்து முடித்தபோது செயலாளரின் மகனுடைய மிரட்டல் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிற்குறிப்பில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த விடயம்தான் என்னைப் பதறவைத்தது. அதை இன்றைக்கே கவனியுங்கள். மற்றவை நாளைக்கும் இருக்கும்.

ஒருவர் எந்தப் படையணியில் இருந்தார் என்று நூற்றெண்பது பேர் பார்க்கும் இடத்தில் எழுதுவதை வாய்ச்சண்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட முன்னாள் புலிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல். அவர்களில் எத்தனையோ பேர் நம்மைச் சுற்றித்தான் வாழ்கிறார்கள். வயல் செய்கிறார்கள், மேசன் வேலைக்குப் போகிறார்கள், ஓட்டோ ஓட்டுகிறார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளுக்கே முழுக்கதையையும் இன்னும் சொல்லவில்லை. புனர்வாழ்வு பெற்றவர், பெறாதவர், கடைசி மாதங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் என ஒவ்வொருவருடைய நிலையும் சட்டத்தின் முன் வேறு வேறு. இதில் விலகிப்போனவர் எந்த வகை என்று சூரிச்சில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே கூடாது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டது. 1982 இல் நிரந்தரமானது. நீக்குவோம் என்று மேடையில் சொன்னவர்கள் வந்தார்கள், போனார்கள், சட்டம் இருந்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் மாவீரர் நினைவை ஒட்டிச் சமூக ஊடகங்களில் பதிவிட்டதற்காகவும் கைதுகள் நடந்தன. இந்தச் சூழலில் ஒரு மனிதருடைய பழைய வாழ்க்கையை அவர் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் சேர்த்து எழுதிப் போட்டால் அதன் விளைவு எழுதியவரின் கையில் இல்லை.

'ஊருக்குத் தெரியும்தானே' என்று மாமா வாதாடுவார். தெரியும்தான். தெரிந்திருந்தும் ஊர் இத்தனை வருடமாக அதை வெளியில் பேசாமல் காத்து வந்திருக்கிறது என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிய வரி திகதி, நேரத்தோடு நூற்றெண்பது தொலைபேசிகளில் கிடக்கிறது. நாளைக்கு வேறு ஏதோ விசாரணைக்காக அதில் ஒன்று எடுக்கப்பட்டால், அதை வாசிக்கப் போகிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள் இல்லை.

ஆகவே அந்த வரியை மாமாவைக் கொண்டே, 'அனைவருக்கும் அழி' என்ற முறையில் எடுக்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் நிர்வாகி என்ற வகையில் நீங்களே எடுக்கலாம். வாட்ஸ்அப் இதற்குக் குறிப்பிட்ட காலம்தான் தருகிறது, தாமதிக்காதீர்கள். அழிக்குமுன் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்து, விலகிப்போனவரின் வீட்டுக்கு நேரில் போய் அவருக்குக் காட்டுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், செய்தியும் அனுப்ப வேண்டாம். அவர் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். ஒருவருடைய தனிப்பட்ட விவரத்தை அவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு இணையத்தில் வெளியிடுவது, மகன் சொன்ன அந்தப் புதுச் சட்டமான நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் நீதிமன்றம் ஏறுவதா, பேசாமல் இருந்துவிடுவதா என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். அவருக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கிறோம் என்று ஊர் கிளம்பினால் அவரை இன்னொரு தடவை சந்தியில் நிறுத்தியதாகிவிடும்.

அதனால்தான் இதையும் சொல்கிறேன்: குழுவில் அவர் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்காதீர்கள். நல்ல மனதோடு செய்வீர்கள் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த வரியைப் பார்க்காதவர்களும் மன்னிப்பைப் பார்த்துவிட்டு, 'என்ன நடந்தது, என்ன நடந்தது' என்று கேட்கத் தொடங்குவார்கள். மன்னிப்பு அவருடைய முற்றத்தில் நடக்கட்டும். 'இவன் புலனாய்வுக்காரரின் ஆள்' என்று யாராவது யாரையாவது எழுதினாலும் இதே நடைமுறைதான். உண்மையோ பொய்யோ, நமது மண்ணில் அதுவும் ஆளை முடக்கும் குற்றச்சாட்டு.

இனிச் செயலாளரின் கதை.

இலங்கையில் அவதூறு இன்று குற்றவியல் குற்றம் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பிரிவுகள் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே 'என் அப்பாவைப் பற்றித் தவறாகப் பேசினார்கள்' என்பதற்காக மட்டும் பொலிஸார் யாரையும் கைது செய்ய முடியாது. செயலாளருக்கு உள்ள வழி, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடுவது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போட்டால் முதல் எதிராளி குரல் பதிவு போட்டவர். அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களையும் சேர்க்கலாம். 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது சட்டத்தில் பதிலாகாது. சொன்னது உண்மை, அது வெளியில் தெரிவது பொதுமக்களுக்கு நன்மை, இரண்டையும் காட்டினால் எதிராளி தப்பலாம். உண்மை என்று மட்டும் காட்டினால் போதாது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், குழுவை நடத்த உதவும். 'இந்தச் செயலாளருக்கு நிர்வாகம் தெரியாது', 'கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, அடுத்த முறை வேறு ஆளைப் போடுவோம்', 'தண்ணீர்ப் பங்கீட்டில் அவர் எடுத்த நிலைப்பாடு அநியாயம்' என்று எவ்வளவு காரமாகவும் சொல்லலாம். பொதுப் பொறுப்பில் இருப்பவரைப் பற்றிய அபிப்பிராயம் அது. சட்டம் அதற்கு நிறையவே இடம் விடுகிறது. 'காசைச் சாப்பிட்டார்' என்பது அபிப்பிராயம் இல்லை. அது நடந்தது அல்லது நடக்கவில்லை. சொன்னவர் கையில் பற்றுச்சீட்டோ கணக்கோ இருக்க வேண்டும். பெடியன்களின் உர மூட்டைப் படம் தனியாக வந்திருந்தால் நையாண்டி என்று நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குரல் பதிவுக்கு அடுத்ததாக வந்ததால் அதுவும் திருட்டுக் குற்றச்சாட்டைத் திருப்பிச் சொன்னது போலாகிவிடுகிறது. அவர்களுக்கு இதை விளக்கிச் சொன்னால் புரியும். திட்டினால் அடுத்த படம் உங்களுடையதாக இருக்கும்.

சூரிச் மாமாவுக்கும் ஒரு சேதி இருக்கிறது. இலங்கைப் பொலிஸ் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதால்தான் இத்தனை துணிச்சல் என்றால் அவர் இடத்தைத் தப்பாகத் தெரிவு செய்திருக்கிறார். நாம் 2002 இல் நீக்கிய குற்றவியல் அவதூறு சுவிஸில் இன்றும் குற்றம். அந்நாட்டுக் குற்றவியல் சட்டக்கோவையின் 173 ஆம் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2017 இல் சூரிச் நீதிமன்றம் ஒன்று, அடுத்தவர் எழுதிய அவதூறுப் பதிவுகளுக்கு முகநூலில் விருப்பம் போட்ட ஒருவருக்கே தண்டப்பணம் விதித்தது. தானே குரல் பதிவு போட்டவரின் நிலையை அவரே கணக்குப் பார்க்கட்டும். முறைப்பாடு செய்ய அங்கே மூன்று மாத காலம்தான் உண்டு. செயலாளரின் மகன் இந்தப் பத்தியை வாசிக்காமல் இருக்க மாமா வேண்டிக்கொள்வது நல்லது.

நிர்வாகியான உங்களுக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் போட்ட செய்திக்காக நிர்வாகியைத் தண்டிக்கும் பிரிவு எதுவும் நமது சட்டத்தில் இல்லை. உறுப்பினர் போடுவதை முன்கூட்டிப் பார்த்துத் தடுக்க நிர்வாகியால் முடியாது. அதனால் அவர் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று 2022 பெப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமது நீதிபதிகள் இந்தியத் தீர்ப்புகளைக் கவனித்து வாசிப்பவர்கள். உங்களுக்குப் பொறுப்பு வரக்கூடிய இடம் ஒன்றுதான்: பிரச்சினை இது என்று ஒருவர் உங்களிடம் தெளிவாக எடுத்துச் சொன்ன பிறகும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பது, அல்லது அந்தப் பதிவுக்கு நீங்களும் ஒரு சிரிப்பைப் போட்டு வைப்பது. சிரிப்புப் போட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

மகன் சொன்ன 'ஐந்து வருடம்' 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்த வருடம் ஜனவரி 24 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பொய்யான கூற்றுகள் குறித்த அதன் முக்கிய பிரிவு, தேசிய பாதுகாப்புக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் பொது ஒழுங்குக்கும் அச்சுறுத்தலாகும் பொய்களையும், மக்கள் பிரிவுகளுக்கு இடையே பகையை மூட்டும் பொய்களையும் பற்றியது. ஒரு கிராமத்து வாய்க்கால் துப்புரவுக் காசு இந்தப் பட்டியலில் எந்த இடத்தில் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்தின் சொற்கள் தேவைக்கு மேல் அகலமானவை என்பது வேறு பிரச்சினை. அது வரைபாக இருந்தபோதே சட்டத்தரணிகளும் ஊடகவியலாளர்களும் சொன்ன குறை அதுதான்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் வந்த சட்டம் அது. பெயரைக் கேட்டால் உரிமை தருவது போல இருக்கும். அதன் 3 ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைப் பரப்பிப் பாகுபாட்டையோ பகையையோ வன்முறையையோ தூண்டுவோருக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. விசேட காரணம் காட்டினால்தான், அதுவும் மேல் நீதிமன்றத்தில்தான் பிணை. உண்மையான வெறுப்புப் பேச்சாளர்களைவிட எழுத்தாளர்களே இதில் அதிகம் அகப்பட்டார்களோ என்று சில வேளை தோன்றுகிறது. முகநூலில் ஒரு சிறுகதை போட்டதற்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 இல் நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். ரம்சி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச அலுவலர், முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்துக்குப் பேனாவாலும் விசைப்பலகையாலும் பதில் சொல்ல வேண்டும் என்ற பொருளில் 2020 ஏப்ரலில் எழுதினார். 'ஜிஹாத்' என்ற ஒரு சொல் அதில் வந்துவிட்டது. ஐந்து மாதம் விளக்கமறியல். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்துப் பத்து லட்சம் ரூபாய் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது. நம் வன்னியிலேயே, சிலாவத்துறைப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமது கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பிணை 2021 டிசம்பரில். குற்றமற்றவர் என்று விடுதலையானது 2023 டிசம்பரில். மூவரும் கடைசியில் வென்றார்கள். போன மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. உங்கள் குழுவில் வெலிஓயாச் சிங்களக் குடியேற்றமும் வரும், மன்னார் முஸ்லிம்களின் மீள்குடியேற்றமும் வரும். வராமல் எப்படி? காணி யாருக்கு எப்படிக் கொடுக்கப்பட்டது, எந்தத் திணைக்களம் எந்த எல்லைக்கல்லை நட்டது, அதற்கு எந்த அமைச்சர் பொறுப்பு என்று தாராளமாகக் கேளுங்கள். 'சிங்களவன் எல்லாம் இப்படி', 'சோனகர் எல்லாம் அப்படி' என்ற வசனங்கள் வரும்போது நிறுத்துங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்மைப் பற்றி அப்படி எழுதியதை வாசித்து வளர்ந்தவர்கள் நாம்.

மகன் உண்மையாகவே முறைப்பாடு செய்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் உங்களை அழைத்து ஒரு வாக்குமூலம் எடுப்பார்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு சட்டத்தரணியோடு போவது உங்கள் உரிமை. எந்த முறைப்பாட்டின் பேரில் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில், 'சும்மா ஒரு கையெழுத்துத்தான் தங்கச்சி' என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் ஒப்பமிட வேண்டாம். தொலைபேசியை வாங்கினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் இதுதான். சண்டை எப்படித் தொடங்கியது, நீங்கள் எப்போது தலையிட்டீர்கள் என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி அந்த உரையாடல். முறைப்பாட்டுக்குப் பயந்து மொத்தமாக அழித்தால், மறைக்க ஏதோ இருந்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

இந்த மாதிரி விடயத்தைப் பொலிஸாரே மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. நீங்களாகவும் போகலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை, செலவில்லை. சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது. அதனால்தான் விரைவாக முடிகிறது என்று சட்டத்தரணிகளான எங்களைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

அப்பாவின் பேச்சுக்கு வருவோம். 'கதைத்து நாங்கள் பட்டது போதாதா' என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர் எதைப் பார்த்தார், எதைத் தாண்டி வந்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த வயதுக்காரர்கள் காரணமில்லாமல் பயப்படுவதில்லை. அவரிடம் இரண்டு விடயங்களைச் சொல்லிப் பாருங்கள். ஒன்று, 1992 இல் அரசாங்கத்துக்கு எதிராகச் சட்டி பானை தட்டி, மேளம் அடித்து, வாகன ஒலி எழுப்பி மக்கள் 'ஜன கோஷ' என்ற ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அடுத்த வருடம் உயர் நீதிமன்றம், அந்தச் சத்தமும் பேச்சுச் சுதந்திரம்தான் என்று சொல்லிவிட்டது. சட்டி தட்டுவதற்கே பாதுகாப்பு உண்டென்றால் சிறுபோகத்தைப் பற்றிக் கதைப்பதற்கு உண்டு.

மற்றது அவருடைய சொந்த வயலோடு தொடர்புள்ளது. 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு தொடங்கிய யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டத்துக்கு இரணைமடுவிலிருந்துதான் தண்ணீர் எடுப்பதாக இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர்கள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அப்படியே நடந்திருக்கும். அவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்டார்கள்: சிறுபோகத்துக்கே பங்கு போட்டு விதைக்கிற குளத்தில் மேலதிகத் தண்ணீர் எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கோபம், அரசியல்வாதிகளுக்குச் சங்கடம், அண்ணன் தம்பிக்குள்ளேயே தகராறு. கடைசியில் திட்டம் மாறியது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்த முடிவு சரியா, செலவு தாங்குமா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம், உங்கள் குழுவில் விவாதித்தும் இருப்பீர்கள். கதைத்ததால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

குழுவை மூடினால் பேச்சு நிற்கும் என்று அப்பா நினைக்கிறார். அது பத்துச் சின்னக் குழுக்களாகப் பிரியும். செயலாளர் இல்லாத குழுவில் செயலாளரைப் பற்றிப் பேசுவார்கள். பதில் சொல்ல அவருக்கு இடமிருக்காது. இப்போதாவது அவர் அங்கே இருக்கிறார். அவரை ஒரு குரல் பதிவு போடச் சொல்லுங்கள். எவ்வளவு காசு வந்தது, எந்த வாய்க்காலில் எத்தனை மீற்றர் துப்புரவாக்கப்பட்டது, யாருக்குக் கூலி போனது என்று அவர் சொல்லட்டும். சொல்லும்வரை அந்த விடயத்தில் வேறு எவரும் எழுத வேண்டாம் என்று அறிவித்து, தேவையானால் நிர்வாகிகள் மட்டும் எழுதும் அமைப்புக்கு ஓரிரு நாள் குழுவை மாற்றி வையுங்கள். மரண அறிவித்தல் வந்தால் நீங்களே போடுங்கள், அதற்காகத்தான் இந்தக் குழுவே இருக்கிறது.

அவர் சொல்ல மறுத்தால், அல்லது சொன்னதில் திருப்தி இல்லாவிட்டால், சத்தம் போடுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கமக்காரர் அமைப்புகள் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவானவை. உறுப்பினர் எவரும் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேட்கலாம். காசு அரசாங்கத்திடமிருந்து வந்திருந்தால், கொடுத்த அலுவலகத்திலும் ஒரு கோவை இருக்கும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கமநல சேவை நிலையத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ ஒரு விண்ணப்பம் கொடுங்கள். இன்ன வருடத்தில், இன்ன வாய்க்காலுக்கு, இன்ன அமைப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது, வேலை முடிந்ததற்கான சான்றின் பிரதி என்று துல்லியமாகக் கேளுங்கள். 'ஊழல் விபரம் தரவும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் கொழும்பில் ஆணைக்குழு உண்டு. ஒன்று மட்டும்: இந்த உரிமை பிரஜைகளுக்குத்தான். மாமா சுவிஸ் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமையும் இல்லாதவர் என்றால் அவரால் கேட்க முடியாது. வயல் செய்கிற யாராவது கேட்கட்டும். பதில் வந்ததும் அதை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போடுங்கள், விளக்கம் எழுதாமல். செயலாளர் சுத்தமானவர் என்றால் அந்தக் காகிதம் அவரைக் காப்பாற்றும். இல்லை என்றால் அதன்பிறகு பேசுகிறவர்களை யாரும் அவதூறு என்று மிரட்ட முடியாது.

குழுவுக்கு ஓர் அறிவித்தல் போட வேண்டும் என்றால் நீளமாக எழுதாதீர்கள், யாரும் வாசிக்கமாட்டார்கள். இப்படிப் போடலாம்: 'அரசியல், தண்ணீர், தேர்தல், பிரதேச சபை எதைப் பற்றியும் பேசலாம். ஆள்மேல் களவு சொல்வதானால் ஆதாரத்தை அமைப்பின் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். யாருடைய பழைய வாழ்க்கையையும் இங்கே எழுத வேண்டாம்; எழுதினால் கேட்காமலே அழிக்கப்படும். செத்த வீட்டுச் செய்தி வந்தால் அன்றைக்கு விவாதம் நிறுத்தம்.' கடைசி வரி சட்டத்தில் இல்லை, ஆனால் அதற்கு எவரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். இன்னுமொரு நிர்வாகியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்களைவிட வயதில் மூத்த, எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்காத ஒருவரை. இருபது வயதுகளில் இருக்கும் ஒரு பெண் தனியே நின்று ஊர்ப் பெரியவர்களின் பதிவுகளை அழிப்பது லேசான காரியம் இல்லை.

மாமாவைக் குழுவிலிருந்து நீக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நினைத்திருப்பீர்கள். கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்புகிறவராகத்தான் இருப்பார், அதனால்தான் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது என் ஊகம். இப்போதே நீக்காதீர்கள். நீக்கினால் பதிவுகளை அழிக்கச் சொல்ல அவரைப் பிடிக்க முடியாது, வெளியில் நின்று இன்னும் உரக்கப் பேசுவார். ஊரில் அவர் சொல்வழி கேட்கும் ஒருவர் இருப்பார், தமக்கையோ சித்தப்பாவோ. அவர் மூலமாக அழைப்பு எடுத்து முதலில் படையணி விடயத்தைப் பேசச் சொல்லுங்கள். 173 ஆம் பிரிவை இரண்டாவதாக எடுக்கலாம். இரண்டும் கேட்டபின் அவர் தானாகவே அழித்தால் குழுவில் இருக்கட்டும். அழிக்காவிட்டால் அன்றைக்கே நீக்குங்கள், திருவிழாக் காசைப் பற்றிக் கோயில் நிர்வாகம் யோசிக்கும்.